அழவிட்டதற்கு நன்றி

புற்றுநோய் வார்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்கள், டாக்டர், சமூகப் பணியாளர், வார்டு ஊழியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சிகிச்சைக்கான நன்றியை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிட்டேன். இந்த மடல் வேறொன்றுக்காக. கேஸ் ஷீட்டிலும் பில்லிலும் வராத ஒரு வேலையை நீங்கள் செய்தீர்கள்: நாங்கள் பேசியதைக் கேட்டீர்கள். அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இரவுப் பணி சிஸ்டருக்கு. வராந்தாவில் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தும் நீங்கள் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் என்னிடம் அதைச் சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். (உறவினர்களைக் குறை சொல்லவில்லை. "தைரியமா இரு" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வதென்று பாவம் அவர்களுக்கும் தெரியவில்லை.) காலியாக இருந்த அறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்தி, "அடுத்த மருந்து கொடுக்கிற வரைக்கும் நேரம் இருக்கு, என்ன மனசைப் போட்டு அரிக்குதுன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

ஸ்கேன் முடிவைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் சமாதானம் எதுவும் சொல்லாமல், "வேற ஏதாவது?" என்று கேட்டீர்கள். பணத்தைப் பற்றிச் சொன்னேன். வேற? வேலையில் இனி லீவு கிடைக்காது என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, மறுபடியும் அதே "வேற?". அப்போதுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. நோயின் பெயரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். அம்மா நேராகக் கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? ஸ்கேன் விஷயத்துக்கே ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தீர்கள் என்றால் இது என் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

அப்புறம் குறித்ததை எனக்கே வாசித்துக் காட்டினீர்கள். "இதையெல்லாம் யார்கிட்ட பேசுவீங்க? அவங்ககிட்ட பேசினா உதவியா இருக்கா?" என்று கேட்டீர்கள். அடுத்து அறிவுரை வரும் என்று காத்திருந்தேன். வந்தது இன்னொரு கேள்வி: "உங்களுக்கு எது உதவும்னு நீங்க நினைக்கிறீங்க?" யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. டாக்டரே அம்மாவிடம் பேசினால் நல்லது என்று என் வாயாலேயே சொன்னேன். "சரி, காலையில டாக்டர்கிட்ட நான் சொல்றேன். இப்போதைக்கு இது போதுமா?" என்று முடித்தீர்கள். நெடுநேரம் ஆகவில்லை. அடுத்த மருந்து தாமதமாகவும் இல்லை.

இதற்கென்றே ஒரு முறை இருப்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2006-ல் உருவாக்கப்பட்ட அதன் பெயர் சேஜ் அண்ட் தைம். மூன்று மணி நேரப் பயிற்சிதான். மருத்துவமனையில் எந்த நிலையில் வேலை செய்பவரும் கற்கலாம். கவலைகளை முழுதாகச் சேகரி, தீர்வுக்குத் தாவாதே, அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்ட பிறகே உன் உதவியைச் சொல் என்பதுதான் அதன் வரிசை. நீங்கள் அதைப் படித்தீர்களா, இல்லை அனுபவத்தில் வந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் அந்த வரிசை அப்படியே உங்களிடம் இருந்தது.

டாக்டர், நீங்கள் மறுநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தீர்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைச்சிட்டு இருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள். அம்மாவும் சும்மா இருந்தார். நான் குறுக்கே பேசப் போனேன். நீங்கள் லேசாகக் கையமர்த்தினீர்கள். "எனக்குத் தெரியும் டாக்டர். பிள்ளைங்க பயப்படும்னுதான் கேக்கல," என்றார் அம்மா. நாங்கள் அவருக்காக மறைத்ததும் அவர் எங்களுக்காக மறைத்ததும் ஒரே நொடியில் முடிந்துபோனது.

உங்கள் தொழிலில் இது அவ்வளவு எளிதல்ல என்று அறிவேன். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளிலேயே மருத்துவர்கள் குறுக்கிடுகிறார்கள் என்று 1984-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. தடுக்காமல் விட்டால் எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த முடிவில் சராசரி 92 நொடிகள். ஒன்றரை நிமிடம்தான். அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

சமூகப் பணியாளர் அக்காவுக்கு: அம்மாவின் வலி ராத்திரியில் மட்டும் ஏன் கூடுகிறது என்று மருந்தின் அளவை வைத்தே நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, படுத்ததும் என்ன நினைப்பு வருகிறது என்று கேட்டது நீங்கள். வீட்டுக் கடன் கதை அப்படித்தான் வெளிவந்தது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸை (கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை 'மொத்த வலி' என்றார்: உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் கலந்த வலி. அவரும் செவிலியாக, சமூகப் பணியாளராக இருந்து பிறகு மருத்துவரானவர். அம்மாவின் மாத்திரை அப்படியே தொடர்ந்தது. ஆனால் கடனைப் பற்றிப் பேசிய பிறகு தூக்கம் வந்தது.

சக்கர நாற்காலி தள்ளிய அண்ணனுக்கு: வழியில் அம்மா உடைந்து அழுதபோது ஓரமாக நிறுத்திவிட்டு, அவசரப்படுத்தாமல் நின்றீர்களே, அதற்கும் நன்றி.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவையும் கேட்பவர்கள் அதை எங்கே இறக்கிவைப்பார்கள்? நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர், தன்னைப் பரிவோடு பார்த்துக்கொண்டவர்களை நினைத்து ஒரு மையத்தைத் தொடங்கினார். அதன் வழியே வந்த ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸில் மருத்துவர், செவிலியர் முதல் மற்ற ஊழியர்கள் வரை ஒன்றாக உட்கார்ந்து, அந்த வேலை தங்களுக்குள் என்ன செய்கிறது என்று பேசுகிறார்கள். நம் சிஸ்டர்களுக்கும் அண்ணன்களுக்கும் பணி நேரத்திலேயே அப்படி ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். இதே கோரிக்கையைத் தனியாகவும் எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் வார்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஜன்னலோரப் படுக்கை அம்மாவின் மகள்