படிக்கட்டுக்கு பித்தளை, சாப்பாட்டுக்கு ஒரு கண்ணாடி இல்லையா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

ஹோட்டல்ல ரெய்டு, கெட்டுப்போன கறி பறிமுதல், அபராதம்னு உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, படிக்கறேன், நல்லதுதான். ஆனா கல்யாண மண்டபத்து பஃபே டேபிள் பக்கம் யாரும் எட்டிப் பாக்கற மாதிரி தெரியல, அதான் எழுதறேன். நான் தர்மபுரில ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கறவன். கேட்டு கிரில்லுன்னு ஆரம்பிச்சது, இப்ப பாதி வேலை எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெய்லிங், பித்தளை ரெய்லிங், ஹோட்டல் கவுண்டர் கண்ணாடின்னு ஓடுது. ஆள் புடிக்கறதுக்கு எழுதறான்னு நெனச்சிடக் கூடாதுன்னுதான் கடை பேரு போடல.

தொப்பூர் ஏறுனதுல இருந்து தர்மபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரி வரைக்கும் ஹைவேல பாத்துட்டே போங்க, புதுசு புதுசா மண்டபம், ஏசி ஹாலு. உள்ள கால் வச்ச உடனே தங்கமா மின்னற ரெய்லிங்தான் கண்ணுல படும், போட்டோகிராஃபரும் மொத்த குடும்பத்தையும் அந்த படிலதான் நிக்க வப்பாரு. சரி, அழகுதான். மேல சாப்பிடற எடத்துக்குப் போங்க. பனீர் மசாலா, கோபி மஞ்சூரியன், தயிர் சாதம், கட் பண்ணின மாம்பழம் எல்லாம் தொறந்தே கெடக்கும், மூடி ஒண்ணு இருந்துச்சு, மொத ஆளு தூக்கி பக்கத்துல வச்சாரு, அதோட முடிஞ்சுது. வரிசைல நிக்கறவங்க அது மேலயே குனிஞ்சு இது காளானா கறியான்னு கேக்கறாங்க, போன்ல கத்திப் பேசறாங்க, ஒருத்தர் தும்மறாரு, பின்னாடி வர்றவரு ஒண்ணுமே நடக்காத மாதிரி அதே கரண்டிய எடுத்துப் போட்டுக்கறாரு. ரெய்லிங்குக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணின ஓனருகிட்ட சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி தடுப்பு போடலாம்ங்கன்னு சொன்னா, கேட்டரிங்காரன் பாத்துக்குவான்னு சொல்றாரு. கேட்டரிங்காரர கேட்டா மண்டபத்துக்காரர் போடணும்ங்கறாரு.

இது ஒண்ணும் புது விஷயம் இல்லைங்க. அமெரிக்கால பஃபே ஹோட்டல் நடத்திட்டிருந்த ஜானி கார்னோன்னு ஒருத்தரு, வர்றவங்க சாப்பாட்டு மேல மூக்க நீட்டறது புடிக்காம 1959லயே கண்ணாடி தடுப்பு வச்ச மேஜைக்கு பேடன்ட் கேட்டு எழுதிப் போட்டாரு. நம்ம ஊருக்கு 2020ல கொரோனா வந்தப்பதான் இது வந்துச்சு, அதுவும் அக்ரிலிக் ஷீட்டா. தேங்காநாரு போட்டு தேச்சு தேச்சு அந்த ஷீட்டு எல்லாம் பனி புடிச்ச மாதிரி ஆகி, இப்ப பாதி கடைல பின்னாடி சந்துல கெடக்கு.

மொதல்ல ரெய்லிங் கதைய சொல்லிடறேன், ஏன்னா பணம் போறது அங்கதான். பித்தளைன்னு சொல்லி இப்ப விக்கறதுல பெரும்பாலானது பித்தளையே இல்லைங்க. ஒண்ணு எஸ்எஸ் பைப்புக்கு மேல பிவிடின்னு சொல்ற மெல்லிசான கோல்டு கலர் கோட்டிங், இல்லாட்டி இரும்புக்கு மேல முலாம். பிவிடி மட்டமான சரக்குன்னு நான் சொல்லல. வேக்குவம் சேம்பர்ல வச்சு டைட்டானியம் நைட்ரைடு ஏத்தறாங்க, கறுக்காது, பாலீஷ் வேலை இல்ல, எங்கிட்ட கேட்டா நானே சில எடத்துக்கு அதத்தான் சொல்லுவேன். அத பித்தளைன்னு சொல்லி பித்தளை வெலை வாங்கறதுதான் அக்கிரமம். பித்தளைல பாதிக்கு மேல செம்பு, மிச்சம் துத்தநாகம், நாளைக்கு கழட்டி எடைக்குப் போட்டாலும் நல்ல காசு வரும். எஸ்எஸ்ஸ கழட்டுனா எஸ்எஸ் காசுதான் வரும்.

காந்தம் வச்சுப் பாத்தோம் ஒட்டல, அதனால பித்தளைதான்னு நெறைய பேரு நம்பறாங்க. காந்தம் இரும்பை மட்டும்தாங்க காட்டிக்குடுக்கும். 304ங்கற ரகத்து எஸ்எஸ்லயும் ஒட்டாது, பித்தளைலயும் ஒட்டாது. பைப்போட வெட்டுன முனைய பாருங்க, மூடி போடறதுக்கு முன்னாடி. உள்ள சுவரு மஞ்சளா இருந்தா பித்தளை, வெள்ளையா இருந்தா எஸ்எஸ். முனை கெடைக்கலன்னா பேஸ் பிளேட்டுக்கு (ரெய்லிங் கால் தரைல நிக்கற தகடு) அடில, வெளிய தெரியாத எடத்துல, அரத்தால ரெண்டு இழு இழுத்துப் பாருங்க. இன்னொண்ணு, ஜாயின்ட்ட பாருங்க. துத்தநாகம் 907 டிகிரிலயே கொதிச்சு ஆவியாயிடும், பித்தளை உருகறதும் ஏறக்குறைய அதே சூட்டுலதான், அதனால ஆர்கான் வெல்டிங் வச்சா புகை கெளம்பும், ஓட்டை விழும், அந்த புகைய இழுத்தவனுக்கு ராத்திரி காய்ச்சல் வரும். அதனாலதான் பித்தளை ரெய்லிங்ல எல்போ, காலர், ஸ்க்ரூன்னு மாட்டித்தான் சேப்பாங்க, இல்ல கேஸ் வச்சு பத்தவைப்பாங்க. தளத்துலயே வெல்டிங் வச்சு இழைச்சு விட்டு, அந்த ஜாயின்ட் மேல மட்டும் கோல்டு ஸ்ப்ரே அடிச்சிருந்தா அது எஸ்எஸ்தான், வெல்டிங் சூட்டுல அந்த எடத்துல கோட்டிங் போயிடும், அத மறைக்கத்தான் ஸ்ப்ரே. லேண்டிங் திருப்பத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த ஒரு சாண் மட்டும் கலரு வேற மாதிரி இருக்கும்.

உண்மையான பித்தளை போட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை. லாக்கர், அதாவது கறுக்காம இருக்க மேல அடிக்கற கண்ணாடி மாதிரி வார்னிஷ், அடிச்ச பித்தளைய வேலைக்காரம்மா புளியோ பீதாம்பரியோ போட்டு பளபளன்னு தேச்சா லாக்கர் திட்டுத் திட்டா உரிஞ்சு, உரிஞ்ச எடம் கறுத்து, தேமல் மாதிரி ஆயிடும், அப்பறம் மொத்தத்தையும் எடுத்து பஃபிங் போட்டு திருப்பி லாக்கர் அடிக்கணும். ஈரத்துணி போதும். லாக்கர் இல்லாததுன்னா தேச்சுட்டே இருக்க வேண்டியதுதான், கோயில் கம்பி மாதிரி. பித்தளைல கிருமி தங்காது சார்னு சொல்லி விக்கறவங்களும் இருக்காங்க. செம்பு கலந்த உலோகத்துக்கு அந்த கொணம் உண்டுதான், அமெரிக்கால 2008லயே அரசாங்கம் பதிவு குடுத்திருக்கு, ஆனா மேல லாக்கர் அடிச்சுட்டா கை படறது லாக்கர் மேல, செம்பு மேல இல்ல. அந்தப் பேச்ச நம்பி சாப்பாட்டு கவுண்டர்ல கண்ணாடி தாங்கற காலயும் பித்தளைல கேக்கறாங்க. வேணாம்ங்க. ஆவியும் ரசமும் பட்டா களிம்பு ஏறும், ஈயம் பூசாத பித்தளைல புளிக்கொழம்பு வச்சா என்ன ஆகும்னு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியாததா. அங்க 304 எஸ்எஸ் போடுங்க.

இப்ப கண்ணாடி. எங்க நிக்கணும்ங்கறதுக்கு பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல, வரிசைல நிக்கற ஆளோட வாய்ல இருந்து பாத்திரத்துக்கு ஒரு நூல் புடிச்சா அந்த நூல கண்ணாடி குறுக்க மறிக்கணும், அவ்ளோதான். அமெரிக்கால ஹோட்டல் சாமானுக்கு தரம் வகுக்கற என்எஸ்எஃப் ஸ்டாண்டர்டுல கண்ணாடியோட கீழ் விளிம்பு மேடைல இருந்து 13 இஞ்சுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா அழகா தெரியணும்னு தலை உயரத்துக்குத் தூக்கி வச்சு அதுல எல்இடி லைட்டு ஒட்டி விடறாங்க. அது தடுப்பு இல்லைங்க, ஷெல்ஃபு. 13 இஞ்சு விட்டாலும் சின்னப் பசங்க மொகம் அந்த சந்துக்கு நேராவே இருக்கும்ங்கறதால, நம்ம ஊரு கல்யாணத்துக்கு நான் சொல்றது வேற: முன்னாடி கண்ணாடிய மேடை வரைக்கும் எறக்கிட்டு, பின்னாடி ஆளு நின்னு எடுத்துப் போடட்டும். பரிமாற ஆளு வைக்கறது நமக்கு புதுசா என்ன?

கண்ணாடி டஃபண்டா, அதாவது சூளைல சூடேத்தி உறுதியாக்குனதா இருக்கணும், இதுல பேரமே கெடையாது. சாதா கண்ணாடி ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் ஏசி காத்துன்னு 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடும், கத்தி மாதிரி நீள நீளமா ஒடஞ்சு சாம்பார்ல விழும். டஃபண்ட் 200 டிகிரி வித்தியாசம் வரைக்கும் தாங்கும், ஒடஞ்சாலும் கல்கண்டு கணக்கா சில்லு சில்லாத்தான் போகும். அதுவும் சாப்பாட்டுல விழுந்தா அந்த பாத்திரத்த கொட்டித்தான் ஆகணும், வடிகட்டி பரிமாறலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சில்லு கீழ விழாம அப்படியே நிக்கணும்னா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஃபிலிம் வச்ச லேமினேட்டட் போடணும், செலவு கூட. 10 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ வருது. 6 அடி நீளம் ஒன்றரை அடி ஒயரத்துக்கே 21 கிலோ கிட்ட ஆச்சு, அத ரெண்டு சின்ன பிராக்கெட்டுல வெறும் சிலிக்கான் ஒட்டி நிக்க வைக்கறாங்க பாருங்க, எனக்கு வயிறு கலங்கும். காலு கிரானைட்டோட நின்னுடக் கூடாது, அடில இருக்கற காங்கிரீட்டுலயோ ஃப்ரேம்லயோ போல்ட் இறங்கணும். ரெய்லிங் பேஸ் பிளேட்டுக்கும் அதேதான். கிரானைட் நம்ம கிருஷ்ணகிரி கல்லாவே இருக்கட்டும், ஓரத்துல துளை போட்டா பொளந்துக்கும்.

ஏன் சாதா கண்ணாடிய மாட்டறாங்கன்னு கேட்டா, எல்லாம் முகூர்த்தம்தான். டஃபண்ட் கண்ணாடிய சூளைல போட்ட பிறகு ஒரு நூலு கூட வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது, அளவும் துளையும் முன்னாடியே முடிவாகி பெங்களூருக்கோ சேலத்துக்கோ போயி வரணும். ஓனரு ஜோசியர்கிட்ட தேதி வாங்கி பத்திரிக்கையும் அடிச்சுட்டு, கடைசி வாரத்துல வந்து கவுண்டர் கண்ணாடி போடுப்பாங்கறாரு. அப்ப பக்கத்து கண்ணாடிக் கடைல வெட்டி ஓரம் தேச்சுக் குடுக்கறதத்தான் மாட்ட முடியும். வந்தவங்களுக்கு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். மூலைல அழியாத முத்திரை இருக்கான்னு பாக்கணும், ஐஎஸ் 2553ன்னு பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்திய தர நம்பரோட வர்றது நல்லது, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அத நம்பாதீங்க.

இதுக்கெல்லாம் ஒரே மருந்து பில்லுதாங்க. வாயால பித்தளை, டஃபண்ட்னு சொல்றவங்க பில்லுல மட்டும் ரெய்லிங் ஒர்க், கிளாஸ் ஒர்க்னு ரெண்டு வார்த்தைல முடிச்சுடறாங்க. ஜிஎஸ்டி பில்லுல பொருளு என்ன வகைன்னு காட்டற எச்எஸ்என் நம்பர்னு ஒண்ணு இருக்கும், அத பாருங்க. பித்தளை சாமான்னா 74ல ஆரம்பிக்கும். 73ல ஆரம்பிச்சா அது இரும்பு இல்ல எஸ்எஸ். டஃபண்டோ லேமினேட்டடோ ரெண்டுக்கும் 7007, சாதா ஃப்ளோட் கண்ணாடின்னா 7005. காரிமங்கலம் பக்கம் மண்டபம் கட்டுன ஒரு தெரிஞ்சவரு பித்தளைன்னு வாங்குன ரெய்லிங்குக்கு பில்ல எடுத்துக் காட்டுனாரு, தெளிவா 73ன்னு போட்டிருந்துச்சு, வித்தவன் வாயால பொய் சொன்னாலும் வரிக்காரனுக்கு பயந்து பில்லுல உண்மைய எழுதியிருக்கான். மாட்டறதோட சேத்து மொத்த கான்ட்ராக்டா பில் போட்டா 99ல ஆரம்பிக்கற நம்பர் வரும், அப்ப பொருளு என்ன, எந்த கிரேடு, எத்தன எம்எம்னு தனியா எழுதச் சொல்லி கையெழுத்து வாங்கிக்கணும்.

ஏமாந்தவங்க நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமான்னு எங்கிட்டயே கேக்கறாங்க. 2019 சட்டப்படி வியாபாரத்துக்கு வாங்குனவங்க நுகர்வோர் இல்லைன்னுதான் இருக்கு, ஆனா சொந்த ஒழைப்புல பொழைப்புக்கு நடத்தறவங்களுக்கு விலக்கு உண்டு, அதனால பெரிய மண்டபத்து ஓனருக்கு அங்க கஷ்டம், புருசன் பொண்டாட்டியா டிபன் கடை நடத்தறவங்க தாராளமா போகலாம். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, 1915க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரே ஒரு விண்ணப்பம்ங்க. ஹோட்டலுக்கு லைசென்ஸ் குடுக்கும்போது விக்கற பண்டம் மூடியிருக்கான்னு பாக்கறீங்க, அதே மாதிரி மண்டபத்து பஃபே மேடையயும் பாருங்க, கண்ணாடி யாரு பொறுப்புன்னு மண்டபத்துக்காரரும் கேட்டரிங்காரரும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டாம இருக்க, ஹால் புக்கிங் பாரத்துலயே எழுதி வாங்கச் சொல்லுங்க. அடுத்த முகூர்த்த சீசனுக்கு முன்னாடி சொன்னாதான் கண்ணாடி சூளைக்குப் போயி வர நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரன்,
தர்மபுரி