கேரட் கழுவுற தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்க: கலெக்டருக்கு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: கேத்தி பாலாடா பக்கம் வண்டல் தொட்டியோட பொதுக் கேரட் கழுவும் களம் கேட்டு.

வணக்கங்க.

கழுவுன அழுக்குத் தண்ணி ஓடையில கலக்குதுன்னு ஓடையோரம் இருக்கற கேரட் கழுவுற மிஷினுக்கு அதிகாரிங்க சீல் வைக்கறாங்க, அத தப்புன்னு நாங்க சொல்லல. 1974 தண்ணீர் மாசு தடுப்பு சட்டப்படி ஓடையில அழுக்க விடக்கூடாது, சரிதான். ஆனா சீல் வச்ச மறுநாளும் கேரட் விளைஞ்சு நிக்குதே, நடுராத்திரியே டார்ச்ச தலையில கட்டிக்கிட்டு பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏத்தணும், மண்ணோட போனா வியாபாரி விலையை அடிச்சுடுவாரு (பளபளன்னு இருந்தாத்தான் கேரட்டுன்னு சமவெளிக்காரங்களுக்கு யாரு சொல்லி வச்சாங்களோ). அதனால ஒரு இடத்துல மூடினா அடுத்த வளைவுல பம்ப்செட்ட இறக்கிடறாங்க.

தண்ணி கலங்குறது மட்டும் இல்லைங்க விஷயம். சரிவு நிலம், மழையில போனது போக மிச்சம் இருக்கற மேல்மண்ண கேரட்டோட பிடுங்கி கழுவி பவானிப் பக்கம் அனுப்பிட்டிருக்கோம். அந்த மண்ணுல உருளைக்கிழங்கு நூற்புழுவோட (கிழங்குச் செடி வேர தாக்குற பொடிப் புழு) முட்டைக்கூடும் இருக்கலாம். 1961ல நம்ம நீலகிரியில கண்டுபிடிச்ச புழு அது, இன்னும் போகல, கிழங்கே போடலன்னாலும் கூடு பல வருஷம் மண்ணுல உயிரோட கிடக்கும். கேரட்ட அது ஒண்ணும் பண்ணாது, ஆனா அதே காட்டுல கிழங்கும் மாத்தி மாத்தி போடறோமே. கழுவுன தண்ணிய கீழ இருக்கறவரு மோட்டார் வச்சு எடுத்து பாய்ச்சினா மேல்காட்டு புழு கீழ்காட்டுக்கு குடியேறிடும்.

அதனால ஓடைய விட்டு தள்ளி, புறம்போக்குல பொதுக் களம் ஒண்ணு அமைச்சு குடுங்க. அடுத்தடுத்து மூணு தொட்டி இருந்தா மண்ணு படிஞ்சுடும், தெளிஞ்ச தண்ணிய முதல் கழுவலுக்கு திருப்பி எடுத்துக்கலாம், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி போதும். படிஞ்ச வண்டல முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல பாத்து எங்க கொட்டலாம்னு சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் இஷ்டத்துக்கு அள்ளிட்டு போகக்கூடாது. இடத்த சமப்படுத்தறேன்னு ஜேசிபிய விட்டு மலைய வெட்டாதீங்க, 2009 நவம்பர் மண்சரிவ யாரும் மறக்கல.

மூட்டைக்கு இவ்வளவுன்னு கட்டணம் வைங்க, தர்றோம். களம் திறந்த பிறகும் ஓடையில கழுவுனா அபராதம் போடுங்க, யாரும் சிபாரிசுக்கு வரமாட்டோம். மழை தொடங்கறதுக்குள்ள இடம் பாக்க ஒரு அதிகாரிய அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
கேத்தி பாலாடா சுத்துவட்டார கேரட் விவசாயிங்க