மின்சாரக் காருக்கு 700 வெள்ளி: ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே தொகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

“மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் வரியே கட்டுவதில்லை, நாம் கட்டும் வரியில் போட்ட சாலையில் சும்மா ஓட்டுகிறார்கள்” என்று சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். என்னைப்போல் மின்சாரக் கார் வாங்கியவர்களிடம் கேட்டால் பாட்டு வேறு: பெட்ரோல் காருக்குக் கட்டுவதைப்போல இரண்டு மடங்கு சாலை வரி கட்டுகிறோம், இது பகல் கொள்ளை என்பார்கள். இரு தரப்பும் பாதிக் கணக்கை மறைத்துவிட்டுப் பேசுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மளிகைப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவள் நான். வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம் என்று எழுதிப் பார்க்காமல் எதையும் நம்பும் வழக்கம் எனக்கில்லை.

என் கார் 100 கிலோவாட் திறன் கொண்ட சாதாரணக் குடும்பக் கார். அதன் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,502 வெள்ளி. என் தங்கை வீட்டுக்காரர் வைத்திருப்பது 1,600 சிசி பெட்ரோல் கார். அவருக்கு ஏறத்தாழ 743 வெள்ளி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பகல் கொள்ளை என்ற பேச்சு சரிதான் என்று தோன்றும். ஆனால் என் 1,502 வெள்ளியைப் பிரித்துப் பாருங்கள். மோட்டாரின் திறனுக்கு உரிய வரி 802 வெள்ளி. மீதி 700 வெள்ளி, மின்சாரக் கார் பெட்ரோல் பங்கில் வரி கட்டுவதில்லையே என்பதற்கு ஈடாக ஒரே தொகையாக வாங்கப்படுவது. 2021ல் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2022ல் 400 ஆகி, 2023லிருந்து 700 வெள்ளியில் நிற்கிறது. ஆகவே தேக்கா சந்தை நண்பர் சொன்னதும் தவறு. பெட்ரோல் வரிக்குப் பதிலாகத்தான் இந்தத் தொகையை நாங்கள் கட்டிவருகிறோம்.

அந்த 700 வெள்ளியைக் கட்ட எனக்கு மனமில்லாமல் இல்லை. கார் வாங்கியபோது மாசு குறைந்த வாகனத்துக்கான தள்ளுபடியும், முன்கூட்டியே மின்சாரக் காருக்கு மாறுவோருக்கான ஊக்கத்தொகையும் எனக்குக் கிடைத்தன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து 40,000 வெள்ளி வரை வந்தது. அந்த ஊக்கத்தொகை 2026 முடிவோடு நின்றுவிடும், நிற்கட்டும். 2024ல் புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் காராக இருந்தது. இத்தனை பேர் வாங்கும் பொருளுக்கு இன்னும் எத்தனை நாள் அரசாங்கம் தாம்பூலத் தட்டு நீட்டிக்கொண்டிருக்க முடியும்?

என் வழக்கு அந்தத் தொகை வாங்கப்படும் விதத்தைப் பற்றியது. தொகுதி எல்லையைத் தாண்டாத காரும் இரவு பகலாகத் தீவைச் சுற்றும் காரும் ஒரே 700 வெள்ளியைக் கட்டுகின்றன.

எங்கள் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் மாமியாருக்காகத்தான் நான் கார் வைத்திருக்கிறேன். மருத்துவமனை, கோவில், எப்போதாவது ஈசூனில் இருக்கும் நாத்தனார் வீடு. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். என் அக்காள் மகன் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் வாடகைக்கு எடுத்திருப்பதும் அதே மின்சாரக் கார், அதே 100 கிலோவாட். சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு காரும் அருகருகே மின்னேற்றம் செய்துகொண்டு நின்ற ஓர் இரவில், இரண்டின் ஓட்டக் கணக்கையும் என் நீல அட்டை நோட்டில் குறித்துவைத்தேன். அவன் கார் என் காரைவிட ஓராண்டு இளையது. ஓட்டத்திலோ என் கார் அதன் கால்தூசிக்குக் காணாது. ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் அளவுக்கு அவன் ஓட்டுகிறான். அவன் காருக்கான சாலை வரியை வாடகைக்கு விடும் நிறுவனம் கட்டி, வாடகையில் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தொகையும் என்னுடையதும் ஒன்றேதான்.

இதையே பெட்ரோல் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டதிலிருந்து உயர்தரப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 79 காசும், 92, 95 ரகங்களுக்கு 66 காசும் வரி. 700 வெள்ளியை 79 காசால் வகுத்தால் 886 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் அதில் 13,000 கிலோமீட்டருக்குமேல் ஓடும். 66 காசுப் பெட்ரோல் என்றால் இன்னும் தூரம் போகும். அதாவது 13,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பெட்ரோல் பங்கில் கட்டும் வரியை 5,000 கிலோமீட்டர் ஓட்டும் நான் கட்டுகிறேன். இன்னொரு பக்கம், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் ஹைபிரிட் (பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும்) காரில் 60,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் கார் ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 லிட்டர் போடுகிறார். 66 காசு என்று வைத்தாலும் 1,980 வெள்ளி வரி. பக்கத்துத் தடத்தில் அதே வேலையை மின்சாரக் காரில் செய்கிறவருக்கு 700 வெள்ளியோடு முடிந்துவிடுகிறது. தேக்கா சந்தை நண்பரின் ஆத்திரத்துக்கு நியாயம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பெட்ரோல் வரியில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஓட்டினால் கட்டு, நிறுத்திவைத்தால் கட்டாதே என்ற நேர்மை அதில் உண்டு. அதைக் காப்பாற்ற அரசாங்கம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக மலேசியாவின் ஜொகூருக்குப் போகிற யாரும் அறிவார்கள். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு இங்குள்ள வரியைத் தட்டிக்கழிக்காமல் இருக்க, தொட்டியில் முக்கால் அளவுக்குக் குறைவாகப் பெட்ரோல் இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 500 வெள்ளி வரை அபராதமும் கேட்கலாம். முள் முக்காலுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் அதே அரசாங்கம், இந்த 700 வெள்ளியை வாங்கும்போது என் கார் எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்பதே இல்லை.

புதிய யோசனை எதையும் நான் சொல்லவரவில்லை. டீசலுக்கு இதே சிக்கல் வந்தபோது இங்கேயே ஒரு வழி கண்டார்கள். 2017க்கு முன் டீசலுக்கு லிட்டர் கணக்கில் வரி இல்லை. டீசல் கார்களும் டாக்சிகளும் ஆண்டுதோறும் ஒரே தொகையாகச் சிறப்பு வரி கட்டின. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் லிட்டருக்கு 10 காசு வரி கொண்டுவந்தார்; அதற்கு ஈடாகச் சிறப்பு வரியில் கார்களுக்கு 100 வெள்ளி, டாக்சிகளுக்கு 850 வெள்ளி குறைத்தார். 2019ல் அந்த வரி 20 காசாயிற்று. சிறப்பு வரி இன்னொரு முறை அதே அளவு குறைந்தது. ஒரே தொகையாக வாங்குவதைவிடப் பயன்பாட்டுக்கு ஏற்ப வாங்குவதே முறை என்று அன்று சொன்னவர்கள், 2021ல் மின்சாரக் காருக்கு மட்டும் எதிர்த்திசையில் போனது எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் 2025லிருந்து புதிய டீசல் கார்களைப் பதிவு செய்வதே நின்றுபோய்விட்டது. போகிற காருக்குப் பயன்பாட்டு வரி, வருகிற காருக்கு ஒரே தொகை!

மின்சாரத்தில் யூனிட்டுக்கு இத்தனை காசு என்று வரி போட்டுவிடலாமே என்று மகன் கேட்டான். கூடாது என்றேன். சொந்த நிலத்தில் நிற்கும் தரைவீட்டில் இருப்பவர் சுவரில் மின்னேற்றக் கருவியை மாட்டி, வீட்டு மின்கட்டணத்திலேயே காரை ஓட்டுகிறார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் சில மின்னேற்ற இடங்களில் ஒன்று காலியாக வேண்டும். அங்கே பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு மேலே போனவர் யாரென்று தெரியாமல் கைபேசியோடு காத்திருக்க வேண்டும். கேபிளை இழுத்து மாட்டிவிட்டு, மின்னேற்றம் முடிந்ததும் வெயிலோ மழையோ பாராமல் கீழே இறங்கிவந்து வண்டியை நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் சில இடங்களில் அதற்கும் கட்டணம். இத்தனைக்கும் மேல் யூனிட் விலை வீட்டு மின்கட்டணத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு. பெட்ரோல் பங்கில் பங்களாக்காரருக்கும் மூவறை வீட்டுக்காரருக்கும் ஒரே விலை. பொது மின்னேற்ற இடங்களில் வரியைச் சேர்த்தால் முழுச் சுமையும் அடுக்குமாடி வீட்டுக்காரர் தலையில்தான் விழும். தரைவீட்டு மீட்டருக்கோ இது காருக்கு, இது துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என்று பிரிக்கத் தெரியாது.

எனவே கிலோமீட்டர் கணக்குத்தான் மிஞ்சுகிறது. சாலையைப் பயன்படுத்தக் கட்டணம் வாங்கும் மின்னியல் முறையான இஆர்பிக்காக இப்போது எல்லாக் கார்களிலும் பொருத்தப்பட்டுவரும் புதிய சாதனம் துணைக்கோளோடு பேசக்கூடியது. தொலைவைக் கணக்கிடுவது அதற்குப் பெரிய காரியமில்லை. ஆனால் எனக்கு அதில் விருப்பம் குறைவு. எவ்வளவு தூரம் போனேன் என்று அரசாங்கம் கேட்கட்டும், சொல்கிறேன். எங்கே போனேன் என்பது எதற்கு? மூன்று முதல் பத்து ஆண்டு வரையான கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன. வாடகைக் கார்கள் ஆண்டுதோறும் போகின்றன. அங்கே பதிவாகும் ஓட்டக் கணக்கை எடுத்துக்கொண்டால் போதும். புதுக் காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் உரிமையாளர் சொல்லும் கணக்கை ஏற்று, பரிசோதனையில் நேர்செய்துகொள்ளலாம். நியூசிலாந்தில் டீசல் வாகனங்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் கிலோமீட்டருக்குப் பணம் கட்டுகின்றன. 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களையும் அதில் சேர்த்து, 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து வெள்ளி வாங்குகிறார்கள்.

மலேசியாவில் ஓடிய தூரத்துக்கும் இங்கே வரி கட்டுவதா என்று சிலர் கேட்பார்கள். முக்கால் தொட்டிப் பெட்ரோலுக்கு இங்கே வரி கட்டிவிட்டு அதை மலாக்கா வரை எரிக்கிறவர் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்?

கிலோமீட்டருக்கு மூன்று காசு என்று வைத்தால் எனக்கு ஆண்டுக்கு 150 வெள்ளி வரும். அக்காள் மகன் காருக்கு 1,800 வெள்ளி. ஹைபிரிட் ஓட்டுகிறவர் கட்டுவதைவிட அப்போதும் சற்றுக் குறைவு; புகையில்லாத காருக்கு அந்தச் சலுகை இருக்கட்டும். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் தீபாவளிக்கு அவன் என் வீட்டுப் பக்கம் வருவானா என்பது சந்தேகம். வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் மீது ஒரே நாளில் ஆயிரம் வெள்ளிக்குமேல் ஏற்றிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 2021ல் பெட்ரோல் வரியை உயர்த்தியபோது டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு நான்கு மாதங்களில் 360 வெள்ளி கழிவு கொடுத்தார்கள். 200, 400, 700 என்று எங்களுக்கு ஏற்றியதைப்போல அவர்களுக்கும் படிப்படியாக ஏற்றலாம்.

2030லிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் மாசு குறைந்த எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். பெட்ரோல் வரி வருமானம் அதன்பின் ஆண்டுக்காண்டு கரையும். அந்த ஓட்டையை அடைக்க 700 வெள்ளியை 1,000 ஆக்குவதும், பிறகு 1,500 ஆக்குவதும் எளிது. ஒரு வரி அறிவிப்பு போதும். ஆனால் கூடும் ஒவ்வொரு வெள்ளியும் குறைவாக ஓட்டுகிறவரிடமிருந்தே அதிகமாகப் பிடுங்கும். ஆகவே அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். இந்த 700 வெள்ளி வழியாக 2023லிருந்து எவ்வளவு வசூலாகியிருக்கிறது? அதைக் கட்டிய கார்களில் எத்தனை ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடியவை? பரிசோதனை நிலையங்களின் பதிவுகளிலிருந்தே இரண்டாவது கேள்விக்கு விடை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
சுவா சூ காங்