இமிகிரேஷன் அதிகாரி எனக் கூறி வாட்ஸ்அப்பில் நடக்கும் பண மோசடியைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வெளிநாடுகளில் வேலை பார்ப்போரின் குடும்பத்தினர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், புதுக்கோட்டை.

பொருள்: வெளிநாட்டு வேலை தொடர்பாக வரும் வாட்ஸ்அப் செய்திகளின் உண்மைத்தன்மையை, பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்க்க மாவட்டத்தில் ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ ஆள் போகாத தெரு அரிது. பயணத்துக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு, இமிகிரேஷன் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு சிலர் வாட்ஸ்அப்பில் அழைக்கிறார்கள். முகப்புப் படத்தில் அசோகச் சின்னம் இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் பிழையில்லாமல் சொல்லி, கோப்பில் குறை இருப்பதாகவும், மாலைக்குள் பணம் அனுப்பாவிட்டால் திருச்சி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுவார் என்றும் மிரட்டி, முத்திரையிட்ட கடிதம் ஒன்றையும் அனுப்புகிறார்கள். வேலை தேடும் ஒருவருடைய பாஸ்போர்ட் நகல் ஏஜெண்டுகள், ஜெராக்ஸ் கடைகள், வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழுக்கள் எனப் பல கை மாறுகிறது என்பதால், எண்ணைச் சரியாகச் சொல்வது அதிகாரி என்பதற்குச் சான்றாகாது. ஆனால் அந்த ஒன்றைக் கேட்டுத்தான் எங்கள் மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடியது, ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ வரும் அழைப்பு. அவர் இமிகிரேஷனில் பிடிபட்டுவிட்டார், அபராதம் கட்டினால் விட்டுவிடுவோம், வெளியே சொன்னால் வழக்காகிவிடும் என்கிறார்கள். கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலையில் இருப்பவர் உடனே போனை எடுக்க முடியாது. அந்த இடைவெளிக்குள் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பிவிடும் நிலைக்கு வீட்டில் இருப்பவர்கள் தள்ளப்படுகிறார்கள்.

உண்மையான நடைமுறை தெரிந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை முதல் அழைப்பிலேயே நின்றுவிடும். வெளிநாட்டு வேலைக்குச் செல்ல இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுவது, பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாமல் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்களுக்கு மட்டுமே. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அப்பட்டியலில் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. ஆகவே, சிங்கப்பூர் செல்பவரிடம் அந்த அனுமதிக்கென்று பணம் கேட்பதே பொய். அனுமதி தேவைப்படுவோருக்கும் அது மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகவே வழங்கப்படுகிறது; தனிநபரின் ஜிபே எண்ணுக்குச் செலுத்தும் அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஏஜெண்டே சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். சிங்கப்பூர் வேலை அனுமதி உண்மையானதா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஆனால், பதற்றத்தில் இருக்கும் ஒரு தாயிடம் இணையதளத்தில் பாருங்கள் என்று சொல்வது உதவியாகாது. எனவே, வந்த செய்தியைக் காட்டி இது உண்மையா என்று அன்றே கேட்டறிய, ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டந்தோறும் ஓர் இ-சேவை மையத்திலும் பயிற்சி பெற்ற ஒருவரை நியமிக்க வேண்டுகிறோம். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையும் அயலகத் தமிழர் நலத் துறையையும் அவர் நேரடியாகத் தொடர்புகொள்ள வழி செய்தால், சந்தேகம் அன்றே தீரும்.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையின்போது விண்ணப்பதாரரிடம் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை கொடுக்கக் காவல்துறையை அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம். வெளிநாடு செல்ல முற்படுவோர் பலரை அரசு நேரில் சந்திக்கும் தருணம் அது; சுவரொட்டி சென்று சேராத வீட்டையும் அத்துண்டறிக்கை சேரும்.

பணத்தை இழந்தவர்கள் புகார் கொடுக்கவே அஞ்சுகிறார்கள். புகார் கொடுத்தால் பாஸ்போர்ட் முடக்கப்படும், விசா ரத்தாகும் என்று மோசடிக்காரர்கள் சொல்லி வைத்திருப்பதே காரணம். இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான உதவி எண்ணான 1930-க்கு எவ்வளவு விரைவாகத் தகவல் தருகிறோமோ, அந்த அளவுக்குப் பணம் வேறு கணக்குகளுக்கு மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே, ஏமாற்றப்பட்டவர் புகார் அளிப்பதால் அவரது பயணத்துக்கு எந்தத் தடையும் வராது என்று தங்கள் பெயரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, அதை அடுத்த கிராம சபைக் கூட்டங்களில் வாசிக்கச் செய்யுமாறும், 1930-க்கு அழைக்கத் தெரியாதவர்களுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே உதவிட ஆணையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த குடும்பத்தினர்.