மாத்திரை அட்டையை வெட்டித் தருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

முடக்குவாதம், லூப்பஸ், ஆஸ்துமா, குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிறுநீரகக் கோளாறு என்று பல காரணங்களால் மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். டாக்டரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரை வாங்க உங்களிடம்தான் அடிக்கடி வருகிறோம். அதனால் இந்த வேண்டுகோளும் உங்களிடம்தான்: இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே வேலையைச் செய்யும் மருந்து வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து போகும் உத்தரவு குறைந்துவிடும், சுரப்பியும் சுருங்கிவிடும். பிரெட்னிசலோனை நாளுக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல் மூன்று நான்கு வாரங்களைத் தாண்டி எடுத்தவர் யாராக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. சுரப்பி மறுபடி விழித்துக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். நடுவில் மாத்திரையை விட்டால் கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வரும். ரத்த அழுத்தமும் சோடியமும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உங்களிடமே வாந்தி மாத்திரை கேட்டு வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மருத்துவமனையில் போடும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. பெரியவர்களுக்கு முதலில் 100 மி.கி.

ஏன் விடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். முகம் உப்புகிறது, பசி அடங்குவதில்லை, எடை ஏறுகிறது, தூக்கம் போகிறது. “ஸ்டீராய்டா? உடம்பைக் கெடுத்துடுமே” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா என்று உங்களிடம் கேட்டால், “டாக்டர் எழுதினபடி குறைச்சுத்தான் நிறுத்தணும்” என்ற ஒரு வரி போதும்.

குறைக்கும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. 20 மி.கி.யிலிருந்து 17.5, பிறகு 15 என்று சீட்டில் இருக்கும். கடையில் அட்டையை வெட்டும்போது பெயரும் மி.கி.யும் அச்சான பக்கம் உங்களிடமே தங்கிவிடுகிறது. வீட்டில் 5 எது, 10 எது, 20 எது என்று தெரியாமல் போகிறது. பெயர் உள்ள பக்கத்தை எங்களுக்குக் கொடுங்கள். கவரின் மேல் மி.கி., காலையில் எத்தனை மாத்திரை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் எழுதுங்கள். கேட்ட மருந்து இல்லையென்றால் டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம் மெத்தில்பிரெட்னிசலோன் 4, டெஃப்ளசகார்ட் 6, டெக்ஸாமெத்தசோன் வெறும் 0.75. எண் சின்னதாக இருப்பதால் டெக்ஸாமெத்தசோனைச் சின்ன மருந்தென்று நினைக்க வேண்டாம்.

ஒருவேளை மாத்திரையென்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. உடம்பின் சொந்தக் கார்டிசோலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். இரவில் போட்டால் தூக்கம் கெடும். காலையில் போடும் இந்த மாத்திரையால் ரத்தச் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறுகிறது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று நிம்மதி அடைகிறவர்களிடம், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். எலும்பு தேய்வது முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கிறது. அதனால் சீட்டில் இருக்கும் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் “சத்து மாத்திரைதானே” என்று தள்ளிவிட விடாதீர்கள். காய்ச்சல் தெரியாமலேகூட நோய்த்தொற்று முற்றலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சிரப் கொடுக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்குகிறவரிடம், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

இனி மனம் நோகச் சொல்ல வேண்டியது ஒன்று. உடம்புவலி, சளி என்று வருகிறவருக்குப் பெயரில்லாத கவரில் போடும் ‘செட்’ மாத்திரை. அதில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ சேரும்போது வலி உடனே விடுகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறார்கள். தாங்கள் ஸ்டீராய்டு சாப்பிடுவதே அவர்களுக்குத் தெரியாது; நிறுத்தி மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் என்ன சொல்வார்கள்? படர்தாமரைக்கும் முக வெளுப்புக்கும் கொடுக்கும் களிம்பும் இப்படித்தான். பூஞ்சை உள்ளே பரவும், முகத்தோல் மெலிந்து சிவந்து எரியும். 2018 முதல் ஸ்டீராய்டுக் களிம்புகளும் அட்டவணை எச்-இல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டத்துக்கும் புறம்பு.

பிரிட்டனில் 2020-லிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஓர் அவசரக் கார்டு கொடுக்கிறார்கள். உங்கள் பில்லின் பின்பக்கம் இருந்தால் அதை இங்கேயும் செய்யலாம். மருந்தின் பெயர், தினசரி அளவு, தொடங்கிய தேதி, டாக்டரின் எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, கீழே இதை அச்சிடுங்கள்: “நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன். திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்கவும். மாத்திரை தங்காமல் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும்.”