ஒருநாள் மலைக்கு 60 லிட்டர் பை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வார இறுதி மலையேற்றம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதை, பஸ், அனுமதி எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தீர்கள். ஆனால் 'தேவையான பொருட்கள்' என்று பெட்டி கட்டிப் போட்டதில் முதல் வரியே 'உள்ளே ஃபிரேம் வைத்த 60 லிட்டர் பேக்' என்று இருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிற மலைக்கு 60 லிட்டரில் எதைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போவது? எங்கள் பக்கம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில், மலைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பையின் விலையைக் கேட்டதுமே இதெல்லாம் நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பையே அவர்களுக்குத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

ஃபிரேம் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பைக்குள் முதுகுப் பக்கமாக அலுமினியப் பட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வைத்திருப்பார்கள். அது பையை விறைப்பாக நிறுத்தி, சுமையில் பெரும்பங்கை இடுப்பு பெல்ட்டுக்கு இறக்கிவிடும். 15 கிலோ தூக்குகிறவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பட்டை, தகடு, தடித்த பெல்ட், மெத்தை வைத்த முதுகு எல்லாம் சேர்ந்து வெறும் பையே 2 கிலோவைத் தொட்டுவிடும். ஃபிரேம் இல்லாத 30, 35 லிட்டர் பை அரைக் கிலோ சொச்சம்தான் வரும். தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து மொத்தச் சுமை 8, 9 கிலோவுக்குள் அடங்கினால் தோளே அதைத் தாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் ஃபிரேம் இல்லாத பை தன் வேலையைக் காட்டும்: நடுவில் மடங்கிச் சரியும், தோள் வார் கழுத்தோரம் அறுக்கும்.

அதனால் பையைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் கொண்டுபோகிற சாமானை எல்லாம் தரையில் பரப்பி எடை போடுங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் இருக்கும், கேட்டால் சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார்கள். எடை போட்டால்தான் யார் குற்றவாளி என்று தெரியும். சூடு தாங்குகிற ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் காலியாகவே அரைக் கிலோவை நெருங்கும். சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 30 கிராம் பக்கம்தான் இருக்கும் (மலையில் வீசாமல் திரும்பக் கொண்டுவருவீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்). ஜீன்ஸ் பேன்ட் அரைக் கிலோவைத் தாண்டும், நனைந்தால் அன்றைக்குக் காயாது. டர்க்கி டவலும் அப்படித்தான், அதற்குப் பதில் ஈரிழைத் துண்டு போதும். லுங்கியைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்: போர்வை, துவட்ட, உடை மாற்ற மறைப்பு, வெயிலுக்குத் தலைக்கட்டு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே துணி. வெளிநாட்டுக்காரன் இதையெல்லாம் தனித்தனியாக விலை கொடுத்து வாங்குகிறான்.

இந்த வழி ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1955-இல் அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்கிற 67 வயதுப் பாட்டி அப்பலாச்சியன் நெடும்பாதையை, 3,000 கிலோமீட்டருக்கும் மேலே, தனியாகவே நடந்து முடித்தார். தோளில் தொங்கியது அவரே தைத்துக்கொண்ட துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. பிறகு 1990-களில் ரே ஜார்டின் என்பவர் ஃபிரேம் இல்லாத பையைத் தானே தைத்து மாட்டிக்கொண்டு நெடும்பாதைகளை நடந்து காட்ட, 'அல்ட்ராலைட்' என்ற பேச்சு, அதாவது முடிந்த மட்டும் எடையைக் குறைத்து நடப்பது, பரவியது. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மற்றதெல்லாம் பையோடு சேர்த்து 4.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது அப்படி நடக்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. நம்முடைய ஒருநாள் நடைக்கு அதில் பாதி கூட ஆகாது.

பை வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில விஷயம்தான். ஒருநாளுக்கு 15, 20 லிட்டர் தாராளம். ஓர் இரவு தங்கினால் 30, 35. ஃபிரேம் இல்லாமல் அதற்கு மேல் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று சாமானைத் திணிக்கத்தான் கை போகும். ஆளின் உயரத்தை வைத்துப் பை வாங்காதீர்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பு இருக்கிறதே, அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உள்ள நீளம்தான் முக்கியம்; உயரமான ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். தோள் வார் அகலமாக, ஓரம் உறுத்தாமல் இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார் கட்டாயம். இடுப்பில் வெறும் நாடா போதும், பை ஆடாமல் பிடிக்கத்தான் அது, சுமை தாங்க இல்லை. வாய் ஜிப்பாக இருப்பதைவிடச் சுருட்டி மூடுகிற மாதிரி இருந்தால் நல்லது, சாமான் குறைந்தால் இன்னும் இரண்டு சுற்று சுருட்டி இறுக்கிக்கொள்ளலாம். அப்புறம், கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். காலியாக மாட்டினால் எல்லாப் பையும் சுகம்தான். ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்து கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பேக் என்பது ஃபிரேம் இல்லாத பைதானே. (2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கு நடைமுறையில் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது வேறு கதை.) தைத்துக்கொள்ள ஆசை இருந்தால் துணி, நாடா, பக்கிள் எல்லாம் பாரிமுனைப் பக்கம் கிடைக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் ஓடுகிற ரிப்ஸ்டாப் நைலான் கேளுங்கள், கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும். தையல்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: தோள் வாரின் மேல்முனை பையோடு சேருகிற இடத்தில் ஒற்றைத் தையல் ஆகாது, உள்ளே ஒரு துண்டு நாடா வைத்து, சதுரமாக ஓட்டி, அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைக்க வேண்டும். பை பிய்வது பெரும்பாலும் அங்கேதான், முழுச் சுமையும் அந்த இரண்டு விரல் அகலத்தில் தொங்குகிறது.

இனி அடுக்குவது. நான் எழுத வந்ததே இதற்காகத்தான். ஃபிரேம் இல்லாத பைக்கு அடுக்குகிற விதம்தான் ஃபிரேம்.

முதலில் ஓட்டையில்லாத தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பைக்குள் உள்ளாடை மாதிரி விரித்துவிடுங்கள். மழை, வியர்வை இரண்டுக்கும் அதுதான் காவல், வெளியே மாட்டுகிற மழை உறை காற்றடித்தால் பறந்துவிடும். அப்புறம் தண்ணீர் உறிஞ்சாத லேசான ஃபோம் பாயை (யோகா பாய் வேண்டாம், அது கனம்) பையின் முதுகு அளவுக்கு மடித்து முதுகுப் பக்கமாகச் செருகுங்கள். தங்கவில்லை என்றால் முழுப் பாய் எதற்கு, முதுகு அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டால் போதும், உட்காரவும் ஆகும். சிலர் பாயைக் குழாய் மாதிரி சுருட்டிப் பைக்குள் நிறுத்தி அதன் நடுவே சாமானைப் போடுவார்கள். அதுவும் விறைப்புத் தரும், ஆனால் சின்னப் பையில் இடத்தைத் தின்னும், எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் லுங்கி, மாற்றுத் துணி என்று மெத்தென்ற லேசான சாமான். அதற்கு மேல், முதுகின் நடுப்பாகத்துக்கு நேராக, பாயை ஒட்டினாற்போல் கனமானவை: சாப்பாட்டு டப்பா, பவர் பேங்க், கூடுதல் தண்ணீர். கொத்தவால்சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும் வரை அங்கே மூட்டை தூக்கிய பெரியவர்கள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூட்டை முதுகோடு ஒட்டியிருந்தால் கனம் தெரியாது, ஒரு சாண் பின்னால் தள்ளினால் ஆளையே மல்லாத்திவிடும் என்பார்கள். அதே கணக்குதான் இங்கேயும்.

துணியைக் குட்டிக் குட்டிப் பைகளில் உருட்டி அடைக்காதீர்கள். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் சந்து விழும், அந்தச் சந்தில்தான் பை மடங்கும். துணியை அப்படியே சந்துகளில் திணித்துவிடுங்கள். உறைக்குள் இருக்கிற காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, பையைச் சுருட்டி, பக்கவாட்டு வாரை இழுத்துக் கட்டுங்கள். இப்போது பையைத் தரையில் விடுங்கள், தானாக நிற்க வேண்டும். முதுகுப் பக்கத்தின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. போனால் பிரித்து மறுபடி அடுக்குங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டில்களை இரண்டு பக்கப் பாக்கெட்டிலும் சமமாக வைத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள், ஒரே பக்கம் காலியானால் பை ஒருபுறம் இழுக்கும். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பைக்குள் பள்ளம் விழுந்துவிடும், காலையில் கட்டியதுதானே என்று அப்படியே மாட்டிக்கொண்டு இறங்காமல், இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போதுதான் பை ஆடி ஆளைத் தள்ளும்.

இதன் அருமை திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் தெரியும். கடைசி ஏற்றத்தில் பாறையில் அடித்திருக்கிற இரும்புக் கம்பியையும் சங்கிலியையும் பிடித்து ஏறுகிற இடம் இருக்கிறதே, இரண்டு கையும் அங்கே மாட்டிக்கொள்ளும், முதுகில் இருப்பது உடம்போடு உடம்பாக இருந்தால் பிழைத்தோம், தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிற பெரிய பை என்றால் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே போவதற்கும் நம் பீச் ஸ்டேஷனில் இருந்தே 2024 முதல் திருவண்ணாமலைக்கு ரயில் விடுகிறார்கள். கூட்டத்தில் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம், 60 லிட்டர் பையோடு ஏறினால் பெட்டியில் இருப்பவர்கள் எல்லாம் உங்களுக்கு நல்ல பெயர் வைப்பார்கள். மாதவரத்தில் ஆந்திரா பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

குறை இல்லாமல் இல்லை. நம் வெயிலுக்கு முதுகு நனைந்துவிடும், சந்தேகமே வேண்டாம். வலை வைத்துக் காற்றோட்டம் விட்ட ஃபிரேம் பையில் கிடைக்கிற சுகம் இதில் கிடையாது. சட்டையில் உப்புப் பூக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதுகுவலி, டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், வழியில் தண்ணீரே கிடைக்காமல் ஐந்து லிட்டர் சுமக்க வேண்டியவர்கள், குழுவுக்கே பொதுச் சாமான் தூக்குகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் ஃபிரேம் பைதான் சரி. பனிமலைக்குப் போகிறவர்களுக்கும் நான் சொல்லவில்லை.

எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீரிலும் டார்ச்சிலும் மழைச்சட்டையிலும் முதலுதவிப் பொட்டலத்திலும் கை வைக்காதீர்கள். கூடவே இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு லிட்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 20 கிராம் சொச்சம். அடுப்பைத் தாராளமாக விட்டுவிடலாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது மறந்திருக்காது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதும் நெருப்பு மூட்டுவதும் கூடாது. புளிச்சோறும் கடலை மிட்டாயும் இருக்க மேகி எதற்கு?

வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆன்லைனில் பதிவு செய்கிற மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, இதுவரை மலைப்பக்கமே போகாதவர்களும் கிளம்புகிறார்கள். அவர்கள் முதலில் படிப்பது உங்களைப் போன்ற பத்திரிகைகளைத்தான். அடுத்த முறை அப்படி ஒரு பெட்டிச் செய்தி போடும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் விலைக்குப் பக்கத்தில் எத்தனை கிராம் என்றும் போடுங்கள். பை எத்தனை லிட்டர் என்பதை எத்தனை நாள் நடை என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிராண்ட் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.