சித்தப்பா வாங்கிய கெம்பு

காவேரிப்பட்டணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்போலத்தான் இருக்கிறது. மற்ற சேதிகளை அவளே போனில் சொல்வாள், நீ போனை எடுத்தால்.

உங்கள் இணையக் கடையில் சித்தப்பா வாங்கிய கெம்பு, அந்த மாணிக்கக் கல், வந்து சேர்ந்தது. தம்பிக்கு மோதிரம் செய்து தரச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். கல்லில் பழுது இல்லை. விரிசலில் கண்ணாடி ஏற்றிய சரக்கோ என்று ஒரு பயம் இருந்தது. லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படிப்பட்ட கல்லில் தெரியும் நீல மின்னல் எங்கும் இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அசல் கெம்பு. நிறம் மட்டும் ரோஜா. நல்ல ரோஜாதான், ஆனால் ரோஜா. சித்தப்பா போனில் எடுத்துக் காட்டிய படத்தில் அது ரத்தச் சிவப்பாக இருந்தது.

அந்தப் படம் எந்த விளக்கில் எடுத்தது? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சில போன்களில் நிறம் தூக்கலாகத் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் என் போனிலும் பார்த்தேன், அம்மா போனிலும் பார்த்தேன், எதிர்வீட்டுப் பையனின் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். எதிலும் ரோஜா இல்லை.

நீ சொல்லிக்கொடுத்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பிரசவத்துக்கு வந்திருந்தபோது, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பட்டறையின் வடக்கு ஜன்னலோரம் தெர்மாகோல் பெட்டி வைத்துப் படம் எடுப்பாய். நான் கல்லின் நிறம் பார்க்க உட்காருவதும் அங்கேதான். முதலில் சாம்பல் அட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம். அதை வைத்துக் கேமராவுக்கு வெளிச்சத்தைப் புரியவைத்த பிறகுதான் மற்றவை. வெள்ளைத்தாள் போதாதா என்று கேட்டேன். தாள் பளிச்சென்று தெரிய அதில் ரசாயனம் சேர்க்கிறார்கள், அது நீலம் காட்டிக் கேமராவை ஏமாற்றிவிடும் என்றாய். காலமெல்லாம் கல் பதித்தவனுக்கு மகள் பாடம் நடத்துகிறாள் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நட்சத்திரக் கல்லுக்கு மட்டும் பெட்டியை எடுத்துவிட்டு ஒற்றை விளக்கைப் பிடித்தாய். பரவின வெளிச்சத்தில் நட்சத்திரம் எழாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்த ஆறு காலும் கேமராவில் விழும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சாம்பல் அட்டை இப்போது எங்கே? தொலைந்துவிட்டதென்றால் வேறொன்று வாங்கு. பெரிய விலை இல்லை.

மரகதம் படத்தில் நீலம் சாயும், அமெதிஸ்ட்டின் ஊதா போய் நீலமே வந்துவிடும் என்பாய். கல்லைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்லையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சரிசெய்வாய். அதை நான் தப்பென்று சொல்லவே மாட்டேன். கல்லைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் படத்தை மட்டும் திருத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன். கெம்பில் இன்னும் கவனம் வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் கேமராவில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும், பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து எடு. மரகதத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, விரிசலில் ஏற்றிய எண்ணெய் போய்விடும். இதை முன்பே சொல்லியிருக்கிறேன். காரட் எடையோடு மில்லிமீட்டர் அளவையும் எழுது. கெம்பு கனமான கல், அதே காரட்டில் மரகதம் பெரிதாக நிற்கும், வாங்குபவருக்கு இது தெரியாது.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் கடையில் இருக்கும் கெம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் ஒரே சிவப்பு. கெம்பு அப்படி வராது, கண்ணு. ஒரே கல்லே ஒரு பக்கம் ஊதா சாய்ந்து நிற்கும், திருப்பினால் ஆரஞ்சு சாயும். ஜெய்ப்பூரிலிருந்து வருகிற பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் இரண்டு கல் ஒன்றுபோல் இருக்குமா?

ஒரு படத்தில் கல்லை இரண்டு விரலால் பிடித்திருக்கிறாய். கட்டைவிரலில் தழும்பு, சின்ன வயதில் என் குமுட்டியில் சுட்டுக்கொண்டது. உன் விரல்தான். அது செங்கல் நிறத்தில் இருக்கிறது. நகம்கூடச் சிவந்திருக்கிறது. உன் நிறம் எனக்குத் தெரியாதா? அது என் நிறம், என் அம்மாவின் நிறம். அடுத்த விரலில் இருக்கும் மோதிரத்தின் தங்கம் செம்பாகத் தெரிகிறது. அதை உருக்கியவன் நான். அதில் எவ்வளவு செம்பு சேர்த்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதைய போன்கள் தாமாகவே நிறத்தைக் கூட்டிவிடுகின்றன என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், ராத்திரியில் உட்கார்ந்து படங்களை ஏற்றுகிறார் என்று போன மாதம் சொன்னாய். ராத்திரி விளக்கில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. அவர் உழைப்பாளி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எல்லோரும்தான் செய்கிறார்கள் என்று உன்னிடம் யாராவது சொன்னால், நகைத் தொழிலிலும் அது உண்டு என்று நானே ஒப்புக்கொள்வேன். கல் வெளுப்பாக இருந்தால் அடியில் வண்ணத்தாள் வைத்து, பின்பக்கத்தை மூடிப் பதிப்போம். உன் அம்மாவின் அட்டிகையே அப்படிப் பதித்ததுதான். ஆனால் அது தாள் வைத்த நகை என்று வாங்குபவருக்குச் சொல்லுவோம். அவரும் அதைக் கையில் வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பார். உங்களிடம் வாங்குபவருக்கு வாசலும் இல்லை, வெயிலும் இல்லை. படம் ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. கல்லைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் வெட்டு ஆழம் போதாமல், அடியில் இருக்கும் எழுத்தை அப்படியே வாசிக்க முடிகிறது. கறுப்பு வெல்வெட்டின் மேல் வைத்து எடுத்த படத்தில் அந்த இடம் இருட்டாக, ஏதோ ஆழமான கல்போலத் தெரிகிறது. முன்பெல்லாம் கல்லை மெல்லச் சாய்த்துக் காட்டும் வீடியோவும் போடுவாய். அதில் இப்படிப்பட்ட குறை மறையாது. அதை ஏன் விட்டுவிட்டாய்?

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது போலண்ணா" என்றார். காபியைக் குடித்தார். கல்லை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு ஆளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பான். விளம்பரத்தில் சொன்னது பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-இலேயே இணைய வணிகத்துக்கு விதி போட்டுவிட்டார்கள். பேப்பரில் படித்தேன். சித்தப்பா அதையெல்லாம் கேட்க மாட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனவர். உனக்குப் போன் போட்டாராம், நீ எடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு எங்கள் போனையும் நீ எடுக்கவில்லை.

கல்லை நான் பதிக்கவில்லை. பொட்டலம் மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பதித்துக் கொடுத்துவிட்டால் அது அசல் சிவப்பு என்று நானே சொன்னதாகிவிடும். இந்த ஊரில் நிறத்துக்கு என் வாய்ச்சொல்லைத்தான் கேட்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மோதிரத்துக்கு வருவார். அதற்குள் நீயே அவருக்குப் போன் செய். படத்தில் நிறம் கூடிவிட்டது, கல்லைத் திருப்பி அனுப்புங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம் என்று சொல். அந்த விலைக்கு அவரே வைத்துக்கொள்கிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதே. மற்ற படங்களையும் இறக்கிவிட்டு, பகலில், சாம்பல் அட்டை வைத்துப் புதிதாக எடு. ரோஜாவை ரோஜா என்று எழுது. ரோஜா நிறம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடையில் ஏதாவது நெருக்கடி என்றால் சொல்லு. வாடகை, தவணை எதுவாக இருந்தாலும். கேட்கக் கூடாதென்றால் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தர இப்போது கையில் இல்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாந்தோப்புக் குத்தகையின் முன்பணம் வந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு நான் கொடுத்துவிடுகிறேன், உன் கணக்கிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்குத் தெரியும், அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அன்புடன்,
அப்பா